துணைக் கேள்வி

கேள்வி நேரம் – 9

"நம்ம ஆளு எந்திரிச்சாருங்களா?" டீ ஆற்றிக்கொண்டே கேட்டார் கடைக்காரர். அன்னூர் பேருந்து நிலையத்துப் பக்கம், காலை பத்தரை மணி. என் கைப்பேசியில் சட்டப்பேரவை ஓடிக்கொண்டிருந்தது. கேள்வி நேரத்தை 2022 ஜனவரி 6 முதல் நேரலையாகக் காட்டுகிறார்கள். யாரோ ஓர் உறுப்பினர் தன் தொகுதியிலுள்ள உயர்நிலைப் பள்ளியைத் தரம் உயர்த்த அரசு முன்வருமா என்று கேட்டார். நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும் என்று பதில் வந்தது. கடைக்காரர் சிரித்துவிட்டார். "எங்கப்பன் காலத்துலயும் இதையேதானுங்க சொன்னாங்க."

அவர் சொன்ன 'நம்ம ஆளு' கொஞ்சம் சிக்கலான ஆள். அன்னூர் கோவை மாவட்டம். ஆனால் ஓட்டு விழுவது அவிநாசி தனித் தொகுதியில். 2009-ல் திருப்பூர் மாவட்டம் பிரிந்தபோது அவிநாசி அங்கே போனது, அன்னூர் கோவையோடு நின்றுவிட்டது. நாடாளுமன்றத்துக்கோ நீலகிரித் தொகுதி. ஆக, ஊர் ஒரு மாவட்டம், எம்.எல்.ஏ. இன்னொரு மாவட்டம், எம்.பி. மலைமேல். அவிநாசித் தொகுதிப் பள்ளிகளில் ஆசிரியர் காலியிடம் எத்தனை என்று பேரவையில் ஒருவர் கேட்டால், இரண்டு முதன்மைக் கல்வி அலுவலகங்கள் கணக்கெடுத்தாக வேண்டும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 2016-ல் இந்தத் தொகுதி அனுப்பிய ப.தனபால், அடுத்த ஐந்தாண்டும் பேரவைத் தலைவர். நாற்காலியில் உட்கார்ந்தவர் கேள்வி கேட்க முடியாது. கேட்பவர்களுக்கு நேரம் ஒதுக்கலாம், 'உட்காருங்கள்' என்று சொல்லலாம், அவ்வளவுதான். சபையில் எல்லாரும் அவரைப் பார்த்தே பேசினார்கள். அவருடைய தொகுதிக்காக எழுந்து கேட்கும் வாய் மட்டும் இல்லை. அமைச்சரைத் தன் அறைக்கு அழைத்துச் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அறைக்குள் பேசுவது அவைக்குறிப்பில் ஏறாது.

பட்டியலினத்திலிருந்து அந்த நாற்காலிக்கு அவருக்கு முன்பு வந்தவர் ஜெ.சிவசண்முகம் பிள்ளை. அவர் தலைவராக இருந்த காலத்தில்தான், கல்வியும் கைத்தொழிலும் ஒன்றாகச் சேர்ந்து இந்தச் சபையை ஆட்டிப்பார்த்தன. 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த திருத்தியமைக்கப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம்: பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் பள்ளி, மிச்ச நேரம் வீட்டில் அப்பன் தொழில். நகரத்துப் பிள்ளைகளுக்கு இது இல்லை. அன்னூர் மாதிரி கிராமப்புறங்களுக்குத்தான். அரசு அதைத் தொழிலறிவு என்றது. எதிர்த்தவர்கள் 'குலக்கல்வி' என்று பேர் வைத்தார்கள். அந்தப் பேர்தான் நிலைத்தது.

ஜூலைக் கடைசியில் பேரவையில் விவாதம். திட்டத்தையே கைவிட வேண்டும் என்ற தீர்மானம் 138-க்கு 138 என்று சமமாக நின்று, நிறைவேறாமல் போனது. நிறுத்திவைத்து வல்லுநர் குழுவிடம் விடலாம் என்ற அடுத்த தீர்மானம் 139-க்கு 137 என்று தேறியது. பருலேகர் தலைமையில் குழு போட்டார்கள். அந்தக் குழு திட்டம் சரிதான் என்று சொல்லிவிட்டது என்பதை மேடைகளில் பலர் விட்டுவிடுகிறார்கள். குழு காப்பாற்றியும் திட்டம் பிழைக்கவில்லை. 1954 ஏப்ரலில் காமராஜர் முதல்வரானார். மே மாதத்தில் திட்டம் கைவிடப்பட்டது. அதைப் பேரவையில் அறிவித்தவர் பொள்ளாச்சிப் பக்கத்துச் செங்குட்டைப்பாளையத்துக்காரரான கல்வி அமைச்சர் சி.சுப்பிரமணியம். ராஜாஜி அமைச்சரவையில் இருந்து அதே திட்டத்துக்காக வாதாடியவர். கொங்கு நாட்டுக்காரர் ஒருவர் தான் பேசியதைத் தானே திரும்ப வாங்கிக்கொண்ட நாள் அது.

வாக்கெடுப்பு எப்போதாவது வருவது. அன்றாட ஆயுதம் கேள்விதான். ஆங்கிலேயர் ஆட்சியின் 1892 சட்டத்தில் சட்டமன்ற உறுப்பினர்களுக்குக் கேள்வி கேட்கும் உரிமை வந்தது. பதில் எப்படி இருந்தாலும் கேட்டுவிட்டு உட்கார வேண்டியதுதான். கேட்டவரே பதிலைப் பிடித்துக்கொண்டு மேற்கொண்டு கேட்கலாம் என்பது 1909-ல் வந்தது. அதுதான் துணைக் கேள்வி. மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்வி இருபது. அவற்றுக்குத்தான் வாய்மொழிப் பதிலும் துணைக் கேள்வியும். மற்ற 230-க்கும் எழுத்தில் பதில் வரும், கோப்பில் போய்ப் படுத்துக்கொள்ளும். முதல் கேள்விக்குப் பதினைந்து நாள் முன்பே அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்பதால், அதன் பதிலை அதிகாரிகள் நிதானமாக இழைத்துத் தருகிறார்கள். துணைக் கேள்விக்கு அமைச்சர்தான் வாய் திறந்தாக வேண்டும்.

திறந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2025 மார்ச் 10 சாட்சி. பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டம் பற்றி மக்களவையில் தி.மு.க. உறுப்பினர் தமிழச்சி தங்கபாண்டியன் கேட்டார். அதில் தமிழகம் சேராததால், சமக்ர சிக்‌ஷா கல்வித் திட்டத்தில் தமிழகத்துக்கு வரவேண்டிய இரண்டாயிரம் கோடிக்கும் மேற்பட்ட பணம் நின்றுபோயிருந்த நேரம். ஒன்றியக் கல்வி அமைச்சர் தர்மேந்திர பிரதான் பதிலின் சூட்டில் தமிழக எம்.பி.க்களை நாகரிகமற்றவர்கள் என்று சொல்ல, அவை ஒத்திவைக்கப்பட்டது. பிறகு அந்தச் சொல்லைத் திரும்பப் பெற்றார். மறுநாள் பத்திரிகைகளில் சொல் பெரிதாக வந்தது, பணம் சிறிதாக வந்தது. எழுதிக் கொண்டுவந்த பதிலில் அந்தச் சொல் இருந்திருக்காது.

சென்னைப் பேரவையில் வேறு மாதிரிச் சிக்கல். அன்னூரைச் சுற்றி நூற்பாலைகள். பத்தாம் வகுப்போடு நின்று விடிகாலை மில் வேனில் ஏறும் ஒரு பெண்ணைப் பற்றிக் கேட்க வேண்டும் என்றால், யாரைக் கேட்பது? பள்ளியை விட்டது பள்ளிக்கல்வித் துறை. பாலிடெக்னிக்கில் சேராதது உயர்கல்வித் துறை. ஐ.டி.ஐ.யும் மில்லும் தொழிலாளர் நலன், திறன் மேம்பாட்டுத் துறை. 2022-ல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்துக்குத் திறன் மேம்பாட்டுக் கழகம். கேள்வியோ ஒரே ஓர் அமைச்சரை நோக்கித்தான் போக முடியும். பிள்ளை இந்த நான்குக்கும் நடுவிலுள்ள சந்தில் நிற்கிறாள்.

சில வருடங்களுக்கு முன் அந்தப் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றில், தலைமையாசிரியை அறையில் உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் ஒரு மணிக்குப் போன் வந்தது. "அசெம்ப்ளி கொஸ்டினுங் டீச்சர். மூணு மணிக்குள்ள வேணுமுங்." வாட்ஸ்அப்பில் படிவம் வந்தது. மாணவர் எண்ணிக்கை, அனுமதிக்கப்பட்ட பணியிடம், காலியிடம், கடைசிக் கட்டத்தில் இடைநின்றோர். வருகைப் பதிவேட்டைப் புரட்டி ஒவ்வொன்றாக நிரப்பினார். கடைசிக் கட்டத்தில் 4 என்று எழுதிவிட்டு, பென்சிலை எடுத்து ஓரத்தில் பொடியெழுத்தில் சேர்த்தார்: மில் 3, கல்யாணம் 1. படம் பிடித்து அனுப்பினார்.

ஐந்து நிமிடத்தில் மறுபடி போன். "ஓரத்துல என்னமோ எழுதியிருக்கீங்க டீச்சர். கட்டத்துல இல்லாதது வேண்டாமுங். அழிச்சிட்டுத் திரும்ப ஒருக்கா அனுப்பிச்சிருங்."

மேசை டிராயரில் ரப்பர் தேடினார். கிடைக்கவில்லை. பக்கத்து வகுப்பிலிருந்து ஓர் ஆறாம் வகுப்புப் பையனைக் கூப்பிட்டு, அவனிடம் வாங்கி அழித்தார்.