கடிகாரத்துக்குத் தெரியும்

விசைத்தறி ஊரான நகரியில் துணி மூட்டையோடு புத்தூருக்கும் திருத்தணிக்கும் அலைகிறவருக்குப் பழைய பைக்கே வாகனம். அதன் ஸ்பீடோமீட்டரைச் சோதிக்கச் சென்னை-திருப்பதி நெடுஞ்சாலையும் பின்சீட்டுக்காரரின் கைக்கடிகாரமும் போதும். முள் 60ல் நின்றால் ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு 60 விநாடி ஆக வேண்டும். 66 ஆனால் பாதகமில்லை: மீட்டர்கள் சற்றுக் கூட்டிக் காட்டும்படியே தயாராகின்றன. 54 ஆனால்தான் வம்பு. போவது 60 அல்ல, கிட்டத்தட்ட 67.

கேபிள் மீட்டருக்குள் ஒரு காந்தம் சுழல்கிறது. அது தொடாமலே ஓர் அலுமினியக் கிண்ணத்தை இழுக்க, சுருள்வில் தடுக்கிறது. ஜெர்மனியின் ஓட்டோ ஷுல்ஸே 1902ல் காப்புரிமை பெற்ற வித்தை இது. கிலோமீட்டர் எண்களை நகர்த்துவதோ பல்சக்கரங்கள். முள் மட்டும் பிசகினால் காந்தத்தையோ வில்லையோ சந்தேகிக்கலாம். இரண்டும் ஒரே விகிதத்தில் பிசகினால் மீட்டரைப் பிரிப்பது வீண் வேலை; டயர் அளவு மாறியிருக்கும், அல்லது முன்சக்கரத்தில் வேறு மாடலின் பல்சக்கரம் இருக்கும். இரண்டுமே செத்தால் பெரும்பாலும் கேபிள்.

முள் ஆட, எண் மட்டும் நின்றால் உள்ளே பல் தேய்ந்திருக்கிறது. விற்பவர் இதை மட்டும் சொல்லமாட்டார். மீட்டர் 20,000 என்று சொல்லி, ஃபுட்ரெஸ்ட் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் ரப்பரை நம்புவதே மேல்.