எறும்புக் கடியும் துருவக் காற்றும்



மாமரத்தில் ஏறி முசுறு எறும்பிடம் கடி வாங்காதவர் ராஜபாளையத்தில் உண்டா? கடித்த இடத்தில் எரிகிறதே, அது ஃபார்மிக் அமிலத்தின் வேலை. 'ஃபார்மிகா' என்றால் லத்தீனில் எறும்பு. அதே அமிலம், வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்தோடு சேர்ந்து, எறும்பே இல்லாத அண்டார்டிகா காற்றிலும் இருக்கிறது என்று படித்தபோது நான் நம்பவில்லை.

எங்கிருந்து வருகிறது?

செடிகொடிகள் விடும் வாயுக்கள் வெயிலில் வினைபுரிந்து இந்த அமிலங்கள் ஆகின்றன. காட்டுத்தீப் புகையிலும் உண்டு. கிரீன்லாந்தில் துளைத்தெடுத்த பனித்தூண்களில் பழைய காட்டுத்தீக்களின் தடயத்தை இப்படித்தான் கண்டார்கள். கடல் நுண்பாசிகள் விடும் வாயுவிலிருந்து மீத்தேன் சல்ஃபோனிக் அமிலம் வருகிறது. மனுசன் காற்றை எவ்வளவு கெடுத்தான் என்று சொல்ல, இயற்கை தானே போடும் அமிலக் கணக்கு முதலில் தெரியணும். அதற்குத்தான் துருவத்துக்குப் போகிறார்கள்.

எப்படி அளக்கிறார்கள்?

லட்சம் கோடி காற்று மூலக்கூறுகளில் சில நூறு மட்டுமே இந்த அமிலம்! சுத்தமான நீரைப் புகைபோல் தெளித்து, அதன் வழியே காற்றை இழுக்கிறார்கள். அமிலம் நீரில் கரைந்துவிடும். அந்த நீரை அயனி குரோமட்டோகிராஃப் என்ற கருவியில் செலுத்துகிறார்கள். ராஜபாளையத்தில் ஒன்றாகப் புறப்பட்ட எக்ஸ்பிரஸும் டவுன் பஸ்ஸும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வேறு வேறு நேரத்தில் சேருமல்லவா? அதுபோல ஒவ்வொரு அயனியும் குழாயைக் கடந்து தன் நேரத்தில் வெளியே வரும். வந்த நேரம் ஆளைச் சொல்லும். மின்கடத்தல் அளவைச் சொல்லும்.

மாதிரியை அப்படியே வைத்தால் நுண்ணுயிர்கள் அமிலத்தைத் தின்றுவிடும். பாலைக் காய்ச்சாமல் வைத்தால் என்ன ஆகும் என்று பால்கோவா கிண்டுபவரைக் கேளுங்கள்! அதனால் குளோரோஃபார்ம் சேர்ப்பார்கள், அல்லது உறைய வைப்பார்கள்.

அளப்பவனே அழுக்கு!

நம் வியர்வையிலும் மூச்சிலும்கூட இந்த அமிலங்கள் உண்டு. டீசல் புகையிலும் உண்டு. ஆகவே முகாமுக்குக் காற்று வரும் பக்கம் தள்ளிப்போய், கையுறை போட்டு எடுக்கிறார்கள். பிறகு காற்றை இழுக்காமல், வெறும் நீரை வைத்து அதே வேலையை முழுசாகச் செய்கிறார்கள். அதுதான் 'பிளாங்க்'. அதில் வருவது நம் அழுக்கு. அதைக் கழித்தால்தான் கணக்கு. பிளாங்கே பெரிதாக வந்தால் அன்றைய உழைப்பு வீண்.

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. ஒருமுறை டைட்ரேஷனில் பிளாங்க் ரீடிங்கைப் பக்கத்து மேசையில் பார்த்து 0.2 மில்லி என்று எழுதிவிட்டேன். சார் திரும்பச் செய்யச் சொன்னார். வந்தது 0.6! குடுவையை நான் சரியாகக் கழுவவில்லை. வீட்டில் சொன்னேன். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி மடிக்கப் போகிற எங்கம்மா, பள்ளிக்கூடம் போகாதவங்க, சிரித்தாங்க: "மடிக்கிறவ கை சுத்தமா இருந்தாத்தான்டா கட்டுத்துணி சுத்தம். இதுக்கு ஒரு படிப்பா?"

நம் நாடு 1981-82இல் முதன்முதலாக அண்டார்டிகா சென்றது. 1989இல் மைத்ரி, 2012இல் பாரதி நிலையங்கள் வந்தன. கோவாவிலுள்ள தேசிய துருவ, கடல் ஆராய்ச்சி மையத்தில் அங்கிருந்து உறைந்தபடியே வந்த பனித்தூண்களை ஆராய்கிறார்கள். நம்மில் ஒருவர் அங்கே போகக்கூடாதா என்ன? போகும்வரை, பிளாங்க் ரீடிங்கை மட்டும் பக்கத்து மேசையில் பார்த்து எழுதாதீர்கள்!