பெயர் ஒன்று, ஆள் வேறு

அரபு நூல்களைப் பயில்வோர் தொடக்கத்திலேயே எதிர்கொள்ளும் இடர்களுள் ஒன்று, ஒரே பெயரில் அறிஞர் பலர் இருப்பது. நபிமொழிக் கலை வல்லுநர்கள் இதனை ‘அல்முத்தஃபிக் வல்முஃப்தரிக்’ எனத் தனியொரு துறையாகவே வளர்த்தனர். பெயரால் ஒன்றுபட்டு ஆளால் பிரிந்தோர் என்பது அதன் கருத்து. ஹிஜ்ரி 463இல் (கி.பி. 1071) மறைந்த கதீப் அல்பக்தாதீ (ரஹ்) இத்தலைப்பிலேயே நூல் இயற்றினார்கள். இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) தம் ‘முகத்திமா’வில் கலீல் இப்னு அஹ்மத் எனும் பெயருடையோர் அறுவரை எடுத்துக்காட்டுகிறார்கள். முதல்வர் அரபு யாப்பிலக்கணம் கண்ட பஸரா நகர மொழியறிஞர். மற்றொருவர் ஹனஃபீ மத்ஹபைச் சார்ந்த காழி.

இது வெறும் பெயராராய்ச்சி அன்று. முஜாஹித் (ரஹ்) அவர்கள் வழியாக அறிவிப்போருள் அப்துல் கரீம் என்பார் இருவர். இப்னு மாலிக் அல்ஜஸரீ நம்பகமானவர். இப்னு அபில் முகாரிக் பலவீனமானவர். அறிவிப்பாளர் தொடரில் ‘அப்துல் கரீம்’ என்று மட்டும் வருமானால், அவர் எவர் என்று துணியாமல் அந்த ஹதீஸின் தரத்தைக் கூற இயலாது. ஆசிரியரைக் கொண்டு பிரித்தறிய வழியில்லை. மாணவரைக் கொண்டும், முழுப்பெயர் வரும் பிற தொடர்களைக் கொண்டுமே காண வேண்டும். சுஃப்யான்கள் இருவர் விஷயத்தில் இத்துணை அச்சமில்லை. ஸவ்ரீயும் இப்னு உயைனாவும் நம்பகமானவர்களே.

குர்துபாவின் இப்னு ருஷ்துகள் நிலை இன்னும் வியப்புக்குரியது. பாட்டனார், பேரர் இருவருக்கும் பெயர் முஹம்மத். இருவரின் தந்தையர் பெயரும் அஹ்மத். குன்யாவும் அபுல் வலீத் என்பதே. இருவரும் அந்நகரின் காழிகள். பாட்டனார் மறைந்த 1126ஆம் ஆண்டிலேயே பேரர் பிறந்தார். ‘அல்பயான் வத்தஹ்ஸீல்’ எனும் மாலிகீ சட்ட நூல் பாட்டனாருடையது. மருத்துவ நூலான ‘குல்லிய்யாத்’தும், தத்துவ நூலான ‘தஹாஃபுதுத் தஹாஃபுத்’தும் பேரருடையவை. பேரரும் ‘பிதாயதுல் முஜ்தஹித்’ எனும் சட்ட நூல் எழுதியமையால் குழப்பம் மிகுகிறது. ஆதலின் ‘அல்ஜத்து’, ‘அல்ஹஃபீத்’ எனப் பிரித்துரைப்பர்.

நம் ஷாஃபிஈ வட்டாரத்திற்கு நெருக்கமானோர் இப்னு ஹஜர்கள். ‘ஃபத்ஹுல் பாரீ’யை எழுதிய அஸ்கலானீ (ஹி. 852) ஹதீஸ் மேதை, ‘துஹ்ஃபதுல் முஹ்தாஜ்’ தந்த ஹைத்தமீ (ஹி. 974) சட்டமேதை. ஃபிக்ஹு நூலில் ‘இப்னு ஹஜர்’ என வாளா வரின் பெரும்பாலும் பின்னவரையே குறிக்கும். ‘ஃபத்ஹுல் முஈன்’ ஆசிரியர் ‘ஷைகுனா’ என்பதும் இவரையே.

தமிழில் எழுதும்போது புதுச்சிக்கல் ஒன்று சேர்கிறது. ‘மஜ்மஉஸ் ஸவாயித்’ தொகுத்த நூருத்தீன் ஹைஸமீ (ஹி. 807) அஸ்கலானீயின் ஆசிரியர். அரபியில் அவர் பெயரில் ‘ஸா’ எழுத்து. துஹ்ஃபாவின் ஆசிரியர் பெயரில் ‘தா’. சிலர் இருவரையும் ‘ஹைதமீ’ என்றே எழுதிவிடுகின்றனர். அவ்வாறு எழுதும்போது, அறிவிப்பாளர்களைப் பற்றி முன்னவர் கூறிய மதிப்பீடு, 167 ஆண்டுகள் பின்னர் மறைந்த சட்ட அறிஞரின் கூற்றாகி விடுகிறது.