ரூபிக்குள் ஜாவா!

உள்ளே எட்டிப் பார்க்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்! தாட்வொர்க்ஸ் நிறுவனத்தின் பெங்களூரு குழு வளர்த்தெடுத்த கோசிடியின் மூலநிரல் 2014 முதல் எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது. எழுதிய நிரலை பில்டு செய்து, டெஸ்ட் ஓட்டி, சர்வருக்கு அனுப்பிவைக்கும் கருவி அது. எந்தக் கட்டம் தேறியது, எது விழுந்தது என்று திரையில் பச்சையும் சிவப்புமாகக் காட்டும். அந்தத் திரைக்குப் பின்னால்தான் கொண்டாட்டம்!

கோசிடி சர்வரின் உள்வேலை எல்லாம் ஜாவா. பக்கங்கள் பலவற்றை உருவாக்க வந்ததோ ரூபி ஆன் ரெயில்ஸ். இரண்டுக்கும் நடுவே தூது போக ஏபிஐ உண்டா? கிடையாது! ரூபி ஃபைலில் 'ஜாவா இம்போர்ட்' என்று ஒரு வரி, கூடவே கிளாஸின் முழுப்பெயர். அந்த நொடியே ஜாவா கிளாஸ் ரூபியின் கைக்கு வந்துவிடுகிறது. இரண்டும் ஓடுவது ஒரே ப்ராசஸில்!

இதைச் சாதிப்பது ஜேரூபி. ரூபியை ஜாவா விர்ச்சுவல் மெஷின் மேலேயே ஓடவைப்பதற்காக 2001-இல் தொடங்கிய திட்டம். சார்லஸ் நட்டரும் தாமஸ் எனபோவும் பல ஆண்டுகளாக இழைத்து இழைத்து வளர்த்தது. அவர்கள் அதில் காட்டியிருக்கும் அக்கறை இருக்கிறதே, அடடா! ஜாவாவில் 'கெட்நேம்' என்று நீட்டி முழக்கும் மெத்தடை இங்கே வெறும் 'நேம்' என்றே கூப்பிடலாம். 'இஸ்எம்ப்டி', ரூபிக்காரர் பழகிய கேள்விக்குறியோடு 'எம்ப்டி?' ஆகிவிடும். பெங்களூரு சிவாஜிநகர்க் கடைக்காரர் ஆளைப் பார்த்ததும் தமிழுக்கும் கன்னடத்துக்கும் தாவுவாரே, அப்படி ஒரு லாகவம். ஜாவாவின் அர்ரேலிஸ்டைக் கொடுத்துப் பாருங்கள், 'ஈச்' என்றதும் ஒவ்வொன்றாக எடுத்து நீட்டும்!

எனக்கு ஆகப் பிடித்தது ரூபியின் பிளாக், அதாவது அப்படியே கைமாற்றக்கூடிய நிரல்துண்டுதான். ஜாவாவின் த்ரெட் ஒன்று 'ரன்னபிள்' என்ற இன்டர்ஃபேஸைக் கேட்கிறது. ரூபியில் இரண்டு வரி பிளாக்கை அப்படியே தூக்கிக் கொடுத்தால் போதும், ஜேரூபியே அதற்கு ரன்னபிள் வேஷம் கட்டி அனுப்பிவிடும். ஜாவாவுக்கு எதிரே நிற்பது ரூபி என்ற சந்தேகமே வராது.

இன்னும் கொஞ்சம் உள்ளே போனால், நம் கையில் இருப்பது அசல் ஆப்ஜெக்டைச் சுற்றிய ஒரு ப்ராக்ஸி என்று தெரியும். அதனால்தான் இந்தக் குறும்பும் முடிகிறது: ஜாவாவின் சொந்த அர்ரேலிஸ்ட் கிளாஸையே ரூபியில் திறந்து, புது மெத்தட் ஒன்றைச் செருகலாம். ரூபி பக்கம் எங்கிருந்தும் அது வேலை செய்யும். ஜாவா பக்கத்துக்கோ அப்படி ஒன்று இருப்பதே தெரியாது!