தெருப் பெயரில்லாத பெருநகரம்

மாணவர்களே, ஒரு நகருக்குப் புதிதாகச் செல்பவர் முதலில் தேடுவது யாது? தெருவின் பெயர், அடுத்து வீட்டின் எண். இவ்விரண்டும் கிடைத்தால் எவ்வூரிலும் வழி கண்டுவிடலாம் என்பது நம் நம்பிக்கை. ஜப்பானின் தலைநகராகிய டோக்கியோவில் அந்நம்பிக்கை முதல் நாளே ஆட்டங் கண்டுவிடும். பெருஞ்சாலைகள் சிலவற்றுக்கு அன்றி, அங்குத் தெருக்களுக்குப் பெயரே கிடையாது.

அவ்வாறாயின் முகவரி எங்ஙனம் அமையும்? அங்கே பெயரும் எண்ணும் பெறுவது தெருவன்று. தெருக்களுக்கு இடைப்பட்ட நிலம். நகரின் மையப் பகுதி 23 வட்டங்களாகப் பிரிந்துள்ளது. வட்டத்துள் பேட்டைகள், பேட்டையுள் 'சோமே' எனப்படும் பிரிவுகள், சோமேயினுள் எண்ணிட்ட மனைத்தொகுதிகள், இறுதியாகக் கட்டடத்தின் எண். கின்ஸா என்னும் கடைப்பேட்டையின் நாற்சந்தியில், மணிக்கூண்டோடு நிற்கும் வாக்கோ அங்காடியின் முகவரி 4-5-11. நான்காம் சோமேயில், ஐந்தாம் தொகுதியில், பதினோராம் எண் என்பது அதன் பொருள். ஜப்பானியர் தம் மொழியில் முகவரி எழுதுங்கால், பெரிய இடத்தில் தொடங்கிச் சிறியதை அடைந்து, ஆளின் பெயரை ஈற்றில் வைப்பர்.

இந்நிலைக்குக் காரணம் அந்நகரின் வரலாறு. ஏதோ என்னும் பழம் பெயருடைய அவ்வூர், 1603-ஆம் ஆண்டில் தோக்குகாவா ஆட்சியின் இருப்பிடமாயிற்று. கோட்டையைச் சூழ்ந்த அகழிகளையும் மேடு பள்ளங்களையும் ஒட்டித் தெருக்கள் வளைந்து வளைந்து வளர்ந்தன. 1868-இல் ஊர் டோக்கியோ எனப் பெயர் மாறிற்று. 1923-ஆம் ஆண்டு நிலநடுக்கமும் பெருந்தீயும், 1945 மார்ச்சில் நிகழ்ந்த குண்டுவீச்சும் நகரின் பெரும்பகுதியைச் சாம்பலாக்கின. இரு முறையும் மக்கள் மீண்டும் கட்டினர். போருக்குப் பின் அகன்ற சாலைகளோடு நகரைப் புதிதாக அமைக்க வகுத்த திட்டமோ, பணமின்மையால் பெரிதும் சுருங்கிற்று. பழைய வளைவுகள் பல நிலைத்துவிட்டன.

முற்காலத்தில் நிலப் பதிவேட்டின் எண்ணே வீட்டுக்கும் வழங்கியது. நிலங்கள் பிரியப் பிரிய எண்களும் சிதறின. ஒரே எண்ணில் பல வீடுகள் இருந்தன. 1962-ஆம் ஆண்டுச் சட்டம் இதனைச் சீர்செய்தது. அதன்படி மாறிய பகுதிகளில், தொகுதியின் ஒரு மூலையில் தொடங்கிக் கடிகார முள் செல்லும் திசையில் எண்கள் சுற்றி வரும். இந்த ஒரு விதியை அறிந்தவருக்குப் பாதிக் குழப்பம் நீங்கிவிடும்.

மீதிப் பாதியை இரயில் நீக்கும். யமனோத்தே என்னும் இருப்புப்பாதை நகரை வளையமாகச் சுற்றி வருகிறது. 1925-இல் முழு வளையமான அதன் நீளம் 34.5 கிலோமீட்டர், நிலையங்கள் 30. ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். ஆதலின் முதல் நாள் அதில் ஒரு சுற்று வருதல் நன்று. சுரங்க இரயில் நிலையங்களுக்கு 2004 முதல் எழுத்தும் எண்ணும் சேர்ந்த குறியீடு உண்டு. ஜப்பானிய எழுத்தறியாதவரும் எண்ணிக்கொண்டே இறங்கலாம். இறங்கியபின் எந்த வாயிலால் வெளியேறுவது என்பது முக்கியம். ஷின்ஜுகு நிலையத்தில் மட்டும் 200-க்கு மேற்பட்ட வாயில்கள் உள்ளன!

இவையும் போதாதபோது 'கோபன்' உதவும். கோபன் என்பது தெருமுனையிலுள்ள சிறு காவல் சாவடி; 1874-இல் டோக்கியோவில் தொடங்கிய ஏற்பாடு. வழி சொல்வதும் அதன் கடமைகளுள் ஒன்று. ஓய்வுபெற்ற ஆசிரியர் சிலருடன் நான் அந்நகருக்குச் சென்றிருந்தபோது, உவேனோ நிலையத்தருகே அந்திவேளையில் விடுதியைத் தேட நேர்ந்தது. சாவடிக் காவலரிடம் முகவரிச் சீட்டை நீட்டினோம். அவர் மொழி எமக்குத் தெரியாது. எம் மொழி அவருக்குத் தெரியாது. சுவரிலிருந்த பெரிய படத்தில் தொகுதியின் எண்ணை விரலால் தொட்டுக் காட்டினார். பின்னர் ஒரு தாளில் கோடிழுத்து, திரும்பவேண்டிய மூலைகளில் இருந்த கடைகளைக் கட்டங்களாக வரைந்து தந்தார். அத்தாளில் ஒரு தெருப் பெயரும் இல்லை. பத்து நிமிடத்தில் விடுதி வாயிலில் நின்றோம்.

இன்று கைபேசியே வழிகாட்டுகிறதே என்பீர்கள். உண்மை, ஆயினும் நிலத்தடி வழிகளில் அதன் புள்ளி தடுமாறுவதுண்டு. மேலும், கைபேசி நம்மை இடத்தில் கொண்டு சேர்க்குமேயன்றி, அவ்விடம் ஏன் அவ்வாறு அமைந்தது என்று சொல்லாது. தெருப் பெயர் இல்லை என்று கேட்டதுமே, ஒழுங்கற்ற ஊர் என்று முடிவுகட்டுவோர் உளர். நமக்குப் பழகாத ஒழுங்கு வேறு, ஒழுங்கின்மை வேறு. இவ்வேறுபாட்டை உணர்ந்தவனே பயணத்தால் கல்வி பெறுகிறான்.

டோக்கியோ செல்லும் வாய்ப்பு உங்களுள் சிலருக்கேனும் வரும். அதுவரை காத்திராமல், அந்நகரின் விரிவான படமொன்றை எடுத்து, கின்ஸாவில் 4-5-11 எங்குள்ளது எனத் தேடிப் பாருங்கள். தெருவைத் தேடாதீர்கள், தொகுதியைத் தேடுங்கள்.