மீன் குட்டைக்குப் படகு... வீட்டிலேயே செய்யலாம், கணக்குப் போட்டுவிட்டு!

'முக்கால் ஏக்கரில் குளம் வெட்டி கட்லா, ரோகு விட்டிருக்கிறேன். கரையில் நின்று தீவனம் போட்டால் ஓர மீன்தான் தின்கிறது. ஃபைபர் படகு வாங்க வசதியில்லை. வீட்டிலேயே சின்னதாக ஒரு படகு செய்துகொள்ள முடியுமா?'

செங்கல்பட்டு பக்கத்திலிருந்து வந்த கேள்வி இது. நான் குடியிருக்கும் சிட்லபாக்கத்திலும் மழைக்காலம் வந்தால் இதே பேச்சு வரும். 2015 டிசம்பர் 1-ம் தேதி பெய்த பெருமழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவானது. முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளுக்குக் கடற்கரையிலிருந்து மீனவர்கள் லாரியில் படகு ஏற்றிவந்து மக்களை மீட்டார்கள். அதன்பிறகு 'வீட்டுக்கு ஒரு படகு' ஆசை பலருக்கும் வந்துவிட்டது. வெள்ளத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதலில் குளம்.

எல்லாக் குளத்துக்கும் படகு வேண்டாம்

100 அடிக்கு 100 அடி பண்ணைக்குட்டை என்றால் படகை மறந்துவிடுங்கள். அது 23 சென்ட்தான். நாலு கரையிலும் நடந்து தீவனம் போடலாம், இரண்டு பக்கமும் ஆள் நின்று வலையை இழுத்துவிடலாம். அரை ஏக்கருக்கு மேல் போகும்போதுதான் படகுக்கு உண்மையான வேலை வருகிறது. ஆந்திராவின் மீன் பண்ணைகளில், அடியில் சிறு ஓட்டைகள் போட்ட சாக்கில் தவிட்டையும் பிண்ணாக்கையும் நிரப்பி, குளத்துக்குள் நட்ட மூங்கில் கழிகளில் வரிசையாகக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். மீன் வந்து சாக்கை முட்டி முட்டித் தின்னும், தீவனம் சேற்றில் போகாது. இந்த முறைக்கு மாற வேண்டுமென்றால் தினமும் நடுக்குளத்துக்குப் போய்வர ஒன்று தேவை.

அங்குலக் கணக்கு

படகு செய்யும் முன் ஒரு கணக்கு. ஒரு லிட்டர் தண்ணீரை விலக்கினால் படகு ஒரு கிலோவைத் தாங்கும். நம் அளவில் சொன்னால், தட்டையான அடிப்பாகம் ஒரு சதுர அடி இருந்து, அது ஓர் அங்குலம் அமிழ்ந்தால் சுமார் 2.35 கிலோ தாங்கும்.

6 அடி விட்டமுள்ள வட்டம் எடுத்துக்கொள்ளுங்கள். பரப்பு 28 சதுர அடி. ஓர் அங்குலத்துக்கு 65 கிலோ. இரண்டு ஆள் 130 கிலோ, படகின் சொந்த எடை 30, வலையும் தீவனமும் 40 என்று 200 கிலோ ஏற்றினால் 3 அங்குலம் அமிழும். பரிசலின் அடி வளைந்திருப்பதால் 4, 5 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுச் சுமை ஏற்றிய பிறகும் தண்ணீர் மட்டத்துக்கு மேல் 9 அங்குலமாவது விளிம்பு நிற்க வேண்டும். அது இல்லாத படகில், ஆள் ஒரு பக்கம் சாய்ந்து வலை எடுத்தாலே தண்ணீர் உள்ளே வந்துவிடும்.

பரிசல்: நம் ஊர் வித்தை

ஒகேனக்கல்லில் 7, 8 அடி விட்டத்தில் ஒரு பரிசலை இரண்டு பேர் ஒரே நாளில் கட்டிவிடுவார்கள். மேட்டூர் அணையில் மீன்பிடிக்கவும் பரிசல்தான். முன்பு தோல் போர்த்தினார்கள், இப்போது பிளாஸ்டிக் சாக்கும் தாரும்.

மூங்கில் மூன்று வயதுக்கு மேல் முற்றியதாக இருக்கட்டும். இளசில் மாவுச்சத்து அதிகம், உளுப்புப் பூச்சி விடாது. வெட்டிய மூங்கிலை இரண்டு மூன்று வாரம் தண்ணீரில் ஊறப்போட்டு, நிழலில் உலர்த்துங்கள். ஊறும்போது மாவுச்சத்து கரைந்து போகும். நாற்றம் அடிக்கும், அதனால் மீன் உள்ள குளத்தில் ஊறப்போடாதீர்கள்.

மூங்கிலைப் பத்தையாகப் பிளந்து, சமதரையில் குறுக்கும் நெடுக்குமாகப் பின்ன வேண்டும். நடுவில் கனமான கற்களை வைத்துவிட்டு, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளை மேல்நோக்கி வளைத்து, நீளப் பத்தைகளால் சுற்றிப் பின்னிக்கொண்டே போனால் கூடை உருவம் வந்துவிடும். கூடை முடையத் தெரிந்தவர் ஒருவரை ஒரு நாள் கூலிக்கு அழைப்பது நல்லது. புத்தகம் படித்து வருகிற கை இல்லை அது. விளிம்புக்கு மூன்று நான்கு பத்தைகளைச் சேர்த்து வளையமாக இறுக்கிக் கட்டுங்கள். பரிசலின் பலம் அந்த வளையத்தில்தான் இருக்கிறது.

பிறகு பிளாஸ்டிக் சாக்குகளைப் பிரித்து ஒன்றாகத் தைத்து வெளிப்பக்கம் போர்த்தி, சாலை போடும் தாரைக் காய்ச்சிப் பூச வேண்டும். சாக்கு, குச்சி, வாளி எல்லாம் எலும்புபோலக் காய்ந்திருக்கட்டும். கொதிக்கும் தாரில் ஈரம் பட்டால் பொங்கித் தெறிக்கும். பூசிய பரிசலை நன்றாக இறுகவிட்டு, கழுவிய பிறகே மீன் குளத்தில் இறக்குங்கள்.

பரிசலுக்கு ஒரு குணம் உண்டு, அது சுழலும். முன்பக்கம் உட்கார்ந்து துடுப்பைத் தனக்கு முன்னால் எட்டு போல வளைத்து இழுத்தால்தான் நேராகப் போகும். ஆழமில்லாத குளத்தில் துடுப்பைவிட நீளக் கழியால் ஊன்றுவது சுலபம்.

இரண்டு பலகையில் ஒரு படகு

முடையும் ஆள் கிடைக்காத ஊரில் பிளைவுட்தான் வழி. 8 அடிக்கு 4 அடி, 9 மில்லிமீட்டர் தடிமன், ஐ.எஸ்.710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் இரண்டு தாள் போதும்.

முதல் தாளை 15 அங்குல அகலத்தில் மூன்று பட்டையாக அறுங்கள். இரண்டு பட்டை பக்கச்சுவர், நீளம் ஏழரை அடி. மூன்றாவதில் முன், பின் அடைப்புகளும் ஓர் இருக்கையும் வந்துவிடும். இரண்டாம் தாளை 42 அங்குல அகலமாக்கி, 60, 17, 17 அங்குல நீளத்தில் மூன்றாக அறுத்தால் அடிப்பாகம். 60 அங்குலம் நடுவில் தட்டையாக இருக்கும். இரண்டு முனையிலும் 17 அங்குலத் துண்டுகள் 8 அங்குல உயரத்துக்குச் சரிந்து ஏறும். பக்கச்சுவரின் கீழ் முனைகளையும் அந்தச் சரிவுக்கு ஏற்ப வெட்டிக்கொள்ளுங்கள். அப்போது முன், பின் அடைப்புக்கு 7 அங்குல உயரம் வரும்.

ஆணி வேண்டாம். அரை அங்குலம் உள்தள்ளி, ஆறு அங்குலத்துக்கு ஒரு துளை போட்டு, செம்புக் கம்பியால் பலகைகளைத் தைத்து நிறுத்துங்கள். மெட்ராஸ் கரையில் ஓடிய மசூலா படகுகளும் தென்னங்கயிற்றால் தைத்தவைதானே! தைத்த பிறகு, எபாக்சி பசையில் மரத்தூளைக் குழைத்து உள்மூட்டுகளை நிரப்புங்கள். காய்ந்ததும் மூட்டின் இருபுறமும் கண்ணாடி இழைப் பட்டையை எபாக்சியால் ஒட்டுங்கள். தச்சர் வழக்கமாகக் கொண்டுவரும் வெள்ளைப் பசை தண்ணீரில் நிற்காது. மேல் விளிம்பு முழுக்க ஒன்றரை அங்குல ரீப்பர் அடித்தால் படகு முறுக்காது. அறுத்த முனைகளுக்கு எபாக்சியை இரண்டு முறை கொடுங்கள், தண்ணீர் முதலில் குடிப்பது அங்கேதான்.

இதன் எடை 45 கிலோ வரும். இரண்டு பேரும் ஒரு தீவனச் சாக்கும் ஏறினால் நாலரை அங்குலத்துக்குள் அமிழும். பத்து அங்குலம் வெளியே நிற்கும்.

இரண்டும் தோதுப்படாதவர்கள் நாலு பிளாஸ்டிக் டிரம்மின் மேல் மூங்கில் தளம் கட்டலாம். 200 லிட்டர் டிரம் ஒன்று ஏறக்குறைய 190 கிலோ தாங்கும். ஆனால் பூச்சிமருந்து வந்த டிரம் கூடவே கூடாது. எத்தனை கழுவினாலும் நம்பாதீர்கள். பைரித்ராய்டு வகை மருந்துகள் மிகக் குறைந்த அளவிலேயே மீனைக் கொல்லும்.

ஏறும் முன்

நீந்தத் தெரிந்தவர்களும் குளத்தில் போகிறார்கள். காலில் சேறு, கையில் வலை, இரண்டும் சேர்ந்தால் நீச்சல் உதவாது. நாலு மூலையிலும் காலியான 20 லிட்டர் கேனை மூடி இறுக்கிக் கட்டுங்கள். படகில் தண்ணீர் நிரம்பினாலும் அது மிதக்கும், பிடித்துக்கொண்டு கிடக்கலாம். மிதவை உடுப்பு போடாமல் ஏறக் கூடாது. கரையில் ஓர் ஆள் இல்லாமல் இறங்கக் கூடாது. பிளாஸ்டிக் தாள் விரித்த குட்டை என்றால், முடிச்சுப் போட்ட கயிறு நாலு பக்கமும் கரையிலிருந்து தண்ணீருக்குள் தொங்கட்டும். அந்தத் தாளில் பாசி பிடித்தால் பெரியவர்களாலேயே ஏற முடியாது, குழந்தைகளை நினைத்துப் பாருங்கள்.

வாசகர்கள் கேட்டவை

*வாழைமரத் தெப்பம் போதாதா?*
அறுவடை நாளுக்கு மட்டும் போதும். தார் வெட்டிய மரங்களை மூங்கில் குச்சியால் கோத்துக் கட்டுங்கள். அன்று மாலையே கரையேற்றிவிடுங்கள். தண்ணீரில் கிடந்து அழுகினால் ஆக்சிஜன் குறைந்து மீன் மேலே வந்து வாய் பிளக்கும்.

*வெள்ளத்துக்கு இந்தப் படகு ஆகுமா?*
தெருவில் தேங்கி நிற்கும் தண்ணீரில் பால், மருந்து கொண்டுபோகக் கழியால் தள்ளிப் போகலாம். ஓடும் தண்ணீரில் இறக்காதீர்கள். மூடியில்லாத கால்வாயின் மேல் பரிசல் போனால் சுழலில் மாட்டும். மின்கம்பம் தண்ணீரில் நிற்கும் தெருவில், மின்சாரம் துண்டிக்கப்பட்டது என்று உறுதியாகத் தெரியும்வரை ஈரக் கழியைத் தொடவே வேண்டாம்.

*ஊர் ஏரியில் இறக்கலாமா?*
சிட்லபாக்கம் ஏரியானாலும் உங்கள் ஊர் ஏரியானாலும், அரசு நீர்நிலையில் மீன்பிடிக்க உரிமை ஏலம் எடுத்தவருக்கே. சிட்லபாக்கம் ஏரி நிரம்பினால் செம்பாக்கம் வழியாகப் பள்ளிக்கரணைக்குப் போகும். பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022 முதல் ராம்சார் பட்டியலில் உள்ளது, அங்கே வலையோடு போகக் கூடாது. கடலுக்கு இந்தப் படகைக் கொண்டுபோகவே கூடாது. கடலில் மீன்பிடிக்கும் படகு 1983-ம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். சொந்தக் குளம் உள்ளவர்கள் மீன்வளத்துறை அலுவலகத்தில் அதைப் பதிந்து வைத்துக்கொண்டால், குஞ்சும் மானியமும் கேட்டுப் போகும்போது உதவும்.