சாய்வுக் கம்பிக்குப் புஸ் பொருத்தும் முறை

கரம்பொன் கமக்காரர் வெங்காயமும் மரக்கறியும் ஏற்றிய பிக்கப் வண்டியில் பண்ணைத் தாம்போதி வழியே யாழ்ப்பாணம் செல்கின்றனர். இருமருங்கும் கடலாதலால், பாரவண்டி சாய்ந்தாடுதல் ஆபத்தாகும்.

வளைவுகளில் வண்டி சாய்வதைக் குறைப்பது, இடவலச் சில்லுப் பக்கங்களை இணைக்கும் உருக்குக் கம்பியாகும். அதனைச் சட்டகத்தோடு பற்றி நிற்பவை இரண்டு ரப்பர் புஸ்கள். அவை தேய்ந்தால் குழிகளில் தட்டும் ஒலி கேட்கும், சாய்வும் மிகும்.

மாற்றும்போது பின்வருவனவற்றைக் கவனிக்குக:

1. வண்டியைச் சமதரையில் நிறுத்திக் கைப்பிரேக்கை இழுத்துச் சில்லுகளுக்குக் கட்டை வைக்குக. உயர்த்தினால் இருபுறத்தையும் ஒரே மட்டத்தில் உயர்த்தித் தாங்கிகளில் நிறுத்துக. ஒருபுறம் மட்டும் உயர்ந்தால் கம்பி முறுகி, போல்ட் கழலும்போது துள்ளும்.

2. கடற்காற்றால் துருவேறிய போல்ட்டுகளுக்கு முதல்நாளே துருநீக்கி எண்ணெய் இடுக.

3. கம்பியின் தடிப்பை அளந்து, அதற்குரிய புஸ்களைச் சோடியாக வாங்குக.

4. புஸ்ஸிலுள்ள கீறல் நோக்கும் திசை வண்டிக்கு வண்டி வேறுபடும். ஆதலால் பழையதைக் கழற்றுமுன் அதனைக் குறித்துக்கொண்டு, புதியதையும் அவ்வாறே மாட்டுக. தட்டை முகம் சட்டகத்தில் படிதல் வேண்டும்.

5. ரப்பருக்குச் சாதாரண கிறீஸ் பூசலாகாது. அது ரப்பரை ஊதச் செய்யும். சவர்க்கார நீர் போதும்.

6. போல்ட்டுகளை முதலில் இலேசாகப் பூட்டி, சில்லுகள் தரையில் பாரம் தாங்கியபின் முற்றாக இறுக்குக.

சில நாள் ஓடியபின் இறுக்கத்தை மீண்டும் சோதித்தல் நன்று.